மூளை எம்.ஆர்.ஐ.: அசைவால் கெட்ட படத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நோயாளி அசைந்து படம் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும், ஸ்கேனை இயக்குபவரின் கை கன்சோலில் தானாகப் போவது ஒரே இடத்துக்கு: அதே சீக்வென்ஸை (ஒரு வகைப் படத்துக்கான ஓட்டம்) அப்படியே மறுபடி ஓட்டுவது. நான்கு நிமிடம் தலையை அசைக்காமல் இருக்க முடியாதவர், அடுத்த நான்கு நிமிடமும் இருக்கப்போவதில்லை. இரண்டாவது படமும் கெடும், அவர் இன்னும் சோர்ந்துபோவார், மூன்றாவது படம் முந்தைய இரண்டையும்விட மோசமாக வரும். மறுபடி ஓட்டும் முன் ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். எதை மாற்றுவது என்பதைக் கெட்ட படமே காட்டிக்கொடுக்கும்.

இது சின்னப் பிரச்சினை இல்லை. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உள்நோயாளிகள், அவசரப் பிரிவு நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளில் ஏறத்தாழ 29 சதவீதத்திலும், வெளிநோயாளிகளில் ஏறத்தாழ 7 சதவீதத்திலும் குறிப்பிடத்தக்க அசைவுக் கோளாறு இருந்தது. நோய் முற்றியவர்தான் அதிகம் அசைகிறார். அவருக்குத்தான் தெளிவான படமும் அதிகம் தேவைப்படுகிறது.

ஓர் அடிப்படையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே புரியும். எம்.ஆர்.ஐ. படத்தை நேரடியாக எடுப்பதில்லை. கே-ஸ்பேஸ் என்ற தரவுத் தளத்தை வரி வரியாக நிரப்பி, பிறகு கணக்குப் போட்டுப் படமாக்குகிறது. ஒரு வரியை வாசிக்கச் சில மில்லி நொடி போதும். அது ஃப்ரீக்வென்சி திசை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் நொடிகள் ஓடிவிடும். அது ஃபேஸ் திசை. ஆகவே தலை எந்தப் பக்கம் அசைந்தாலும் நிழல்கள் ஃபேஸ் திசையில்தான் விழும். ஆட்டியது மேலும் கீழுமாக, நிழல் விழுவது இடமும் வலமுமாக என்றால் குழம்ப வேண்டாம். ஃபேஸ் இடம்-வலமாக வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை: தலைக்கு வெளியே உள்ள காற்றைப் பாருங்கள்

எந்தக் குறியானாலும் இதிலிருந்து தொடங்குங்கள். திரையின் பிரகாச வரம்பான விண்டோவைக் குறுக்கி, அதன் நடுப்புள்ளியான லெவலைக் கீழே இறக்கி, தலைக்கு வெளியே கறுப்பாக இருக்க வேண்டிய காற்றுப் பகுதி தெரியும்படி செய்யுங்கள். அசைவு நிழல் மண்டையோட்டோடு நிற்காது, காற்றிலும் தொடர்ந்து ஓடும். மண்டையோட்டு விளிம்புக்கு இணையாக உள்ளே இரண்டு மூன்று மெல்லிய கோடுகள் தெரிந்து, விளிம்பை விட்டு விலக விலக மறைந்தும்போனால், அது அசைவு இல்லை. மேட்ரிக்ஸ் (படத்தின் புள்ளி எண்ணிக்கை) போதாததால் வரும் கிப்ஸ் கோடு. நோயாளியை எத்தனை முறை அதட்டினாலும் அது போகாது. ஃபேஸ் திசையின் மேட்ரிக்ஸை 256இலிருந்து 320க்கு ஏற்றினால் குறையும்.

படத்துக்குக் குறுக்கே ஜிப் போட்டதுபோல ஒற்றைப் புள்ளிக்கோடு போனால், ஸ்கேன் அறைக் கதவு சரியாகச் சாத்தப்பட்டிருக்கிறதா, உள்ளே ஏதாவது மின்கருவி ஓடுகிறதா என்று பாருங்கள். துணி நெய்தாற்போலப் படம் முழுக்கச் சாய்கோட்டு வலை விழுந்தால், அது தரவில் விழுந்த ஸ்பைக். திரும்பத் திரும்ப வந்தால் சர்வீஸ் பொறியாளரை அழைக்க வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நோயாளியைக் குறை சொல்லி நேரத்தை வீணடிப்பது பல இடங்களில் நடக்கிறது.

குறி: படம் முழுக்க அலை அலையாக வரிகள், தலை விளிம்பின் நகல்கள்

இதுதான் அசல் தலையசைவு. நிழல்களின் இடைவெளி ஒழுங்காக இருக்காது. டி2 (நீர் வெளுப்பாகத் தெரியும் படம்), ஃப்ளேர் (மூளைநீரை மட்டும் அணைத்து எடுக்கும் படம்) இரண்டிலும் தெரியும்.

முதலில் உள்ளே போய் நோயாளியைப் பாருங்கள். புரோட்டோகாலைத் தொடும் முன்பே பாதிப் பிரச்சினை அங்கே தீரும். பெண்களுக்குப் பின்கொண்டை இருந்தால் தலை காயிலின் (தலையைச் சூழ்ந்து சிக்னலை வாங்கும் கருவி) அடித்தட்டில் படியாது; கொண்டையின் மேல் உருண்டுகொண்டே இருக்கும். கொண்டையை அவிழ்த்து, முடியை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லுங்கள். ஹேர்பின், தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு இவற்றை உடை மாற்றும்போதே எடுத்திருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் இப்போதாவது கண்டுபிடியுங்கள், அது படத்தைவிடப் பெரிய விஷயம். பிறகு காதுக்கும் காயிலுக்கும் நடுவே இரு பக்கமும் ஃபோம் பேட் இறுக்கமாக. ஒரு பக்கம் மட்டும் திணித்தால் தலை மறுபக்கம் மெல்ல நகரும். முழங்காலுக்கு அடியில் ஆப்பு வடிவ மெத்தை வையுங்கள். இடுப்பு வலியால் நெளிகிறவரின் தலைதான் அசைகிறது. முழங்கால் மடங்கினால் இடுப்பு தளரும், தலை தானே அடங்கும். அறை குளிருக்குப் போர்வை. சிறுநீர் கழித்துவிட்டு வந்தாரா என்ற கேள்வி, குறிப்பாக ஊசிமருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு.

பேசும் விதமும் முக்கியம். "அசையாதீங்க" என்று மைக்கில் பொதுவாகச் சொன்னால், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் பயம் கூடும். ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் முன்பு நேரத்தைச் சொல்லுங்கள்: "அம்மா, இப்போ ரெண்டு நிமிஷம் சத்தம் வரும். தலையை மட்டும் அப்படியே வைச்சுக்கோங்க. இருமல் வந்தாலோ எச்சில் முழுங்கணும்னாலோ, சத்தம் நின்னதும் பண்ணிக்கோங்க." சத்தம் நின்ற இடைவெளியில் ஒரு நிமிடம் மூச்சுவிட விட்டால், அடுத்த சீக்வென்ஸில் அது திரும்பக் கிடைக்கும்.

இதற்குப் பிறகு வேகம். டி2 டர்போ ஸ்பின் எக்கோவின் நேரக் கணக்கு எளிது: டி.ஆர். × ஃபேஸ் வரிகள் × நெக்ஸ், அதை எக்கோ டிரெயின் நீளத்தாலும் பேரலல் இமேஜிங் காரணியாலும் வகுக்க வேண்டும். டி.ஆர். என்பது ஒரு தூண்டலிலிருந்து அடுத்த தூண்டலுக்கான நேரம்; நெக்ஸ், ஒரே வரியை எத்தனை முறை எடுப்பது என்பது; எக்கோ டிரெயின், ஒரு டி.ஆர்.க்குள் எடுக்கும் எக்கோக்கள், அதாவது வரிகள்; பேரலல், பல காயில் உறுப்புகளின் உதவியால் சில வரிகளை விட்டுவிட்டு எடுப்பது. டி.ஆர். 4000 மில்லி நொடி, வரிகள் 320, எக்கோ டிரெயின் 16, நெக்ஸ் 2, பேரலல் இல்லை என்றால் 160 நொடி. நெக்ஸை 1 ஆக்கினால் 80 நொடி. பேரலல் காரணி 2 சேர்த்தால் 40 நொடி, அத்துடன் காயிலின் உணர்திறனை அளக்கும் அளவீட்டு வரிகளுக்குச் சில நொடிகள். இதே ஆள் 160 நொடி அசையாமல் இருக்க மாட்டார். 40 நொடி பெரும்பாலும் இருப்பார்.

விலை என்ன? நெக்ஸைப் பாதியாக்கினாலும் பேரலல் 2 போட்டாலும் சிக்னல்-இரைச்சல் விகிதம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பேரலலில் காயிலின் அமைப்பைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷினில் 20 அல்லது 32 சேனல் ஹெட் காயில் இருந்தால் இரண்டையும் தாங்கும். 1.5 டெஸ்லாவில் 8 சேனல் காயில் என்றால் பேரலல் 2ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்லைஸின் (படத்தின் ஒவ்வொரு வெட்டு) தடிமனை 4இலிருந்து 5 மில்லி மீட்டராக்கி இரைச்சலை ஈடுசெய்யுங்கள். கொஞ்சம் இரைச்சலோடு அசையாத படம், பளபளப்பாக எடுக்கத் திட்டமிட்டு அசைந்துபோன படத்தைவிட எப்போதும் மேல்.

இன்னொரு சேமிப்பு பலர் கண்ணில் படுவதில்லை. தலை முன்-பின்னாக நீளம், இடம்-வலமாகக் குறுகல். அக்ஸியலில் (தலையைக் குறுக்காக வெட்டும் தளம்) ஃபேஸை இடம்-வலமாக வைத்து, ஃபேஸ் எஃப்.ஓ.வி.யை (படம்பிடிக்கும் பரப்பு) 80 சதவீதமாகக் குறைத்தால், படத்தின் கூர்மை குறையாமல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

மாட்டிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. உச்சந்தலை விட்டுப்போகிறதே என்று இரண்டு ஸ்லைஸ் கூட்டியதும், நேரம் திடீரென்று இரண்டு மடங்காகும். ஒரு டி.ஆர்.க்குள் அடங்காத ஸ்லைஸ்களை மெஷின் இரண்டு தவணையாகப் பிரித்துவிட்டது என்று பொருள். சீமென்ஸில் இதற்குக் கான்கேடனேஷன் என்று பெயர், ஜி.இ.யில் அக்விசிஷன், பிலிப்ஸில் பேக்கேஜ். டி.ஆர்.ஐ 4000இலிருந்து 4400க்கு ஏற்றினால் ஒரே தவணையில் அடங்கிவிடும். 40 நொடிக்குப் பதில் 44 நொடி, 80 இல்லை. இரண்டு தவணை என்றால் வேறொரு தொல்லையும் சேரும்: நடுவில் தலை நகர்ந்தால் ஒற்றைப்படை ஸ்லைஸ்கள் ஓரிடத்தையும் இரட்டைப்படை ஸ்லைஸ்கள் வேறிடத்தையும் காட்டும். ஒரு சிறு புண் இரண்டு முறை தெரியலாம், அல்லது எதிலுமே தெரியாமல் போகலாம்.

நாற்பது நொடியும் முடியவில்லை என்றால்தான் அசைவைத் திருத்தும் சீக்வென்ஸ். 1999இல் ஜேம்ஸ் பைப் வெளியிட்ட புரொப்பெல்லர் முறை இன்று பெரிய நிறுவனங்களிடம் வெவ்வேறு பெயரில் இருக்கிறது: ஜி.இ.யில் அதே பெயர், சீமென்ஸில் பிளேடு, பிலிப்ஸில் மல்ட்டிவேன், கேனனில் ஜெட். இணை வரிகளுக்குப் பதிலாக, கே-ஸ்பேஸின் நடுவே போகும் ஒரு பட்டையை எடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிச் சுழற்றி வட்டத்தை நிரப்புகிறது. ஒவ்வொரு பட்டையும் நடுப்பகுதியைத் திரும்ப எடுப்பதால், தலை எவ்வளவு சுழன்றது, எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பட்டைகளை ஒப்பிட்டே கண்டுபிடித்துத் திருத்தலாம். ரொம்பக் கெட்ட பட்டையை ஓரம் கட்டலாம்.

குறி: புரொப்பெல்லர் போட்டும் சரியாகவில்லை

மூன்று காரணங்கள் அடிக்கடி வருகின்றன.

பட்டை மெலிந்துவிட்டது. ஒரு பட்டையில் பத்துப் பன்னிரண்டு வரிகளே இருந்தால், நடுவட்டம் மிகச் சிறியதாகிப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் போதிய தகவல் கிடைக்காது, திருத்தம் தடுமாறும். எக்கோ டிரெயின் 16, பேரலல் 2 என்றால் பட்டைக்கு 32 வரி கிடைக்கும், நன்றாக வேலை செய்யும். எத்தனை பட்டை வேண்டும் என்பதற்கு மேட்ரிக்ஸை ஏறத்தாழ 1.57ஆல் பெருக்கிப் பட்டை அகலத்தால் வகுங்கள்: 320க்கு 32 அகலம் என்றால் 16 பட்டை. டி.ஆர். 4000 என்றால் 64 நொடி. சாதாரண முறையின் 40 நொடியைவிட அந்த ஒன்றரை மடங்கு திருத்தத்துக்குக் கொடுக்கும் விலை. நேரத்தைக் குறைக்கிறேன் என்று பட்டைகளைப் பாதியாக வெட்டினால், வெளிப்புறத்தில் கதிர் கதிராகக் கோடுகள் கிளம்பும்.

எஃப்.ஓ.வி. சிறிதாகிவிட்டது. இங்கே ஃபேஸ் திசை சுழன்றுகொண்டே இருப்பதால், மடிப்பு ஒரு பக்கமாக வராமல் சுற்றிலும் மங்கலாகவும் கீற்றாகவும் வரும். 80 சதவீத எஃப்.ஓ.வி. தந்திரம் இதற்குப் பொருந்தாது. மூக்கு, காது உட்பட முழுத் தலையும் வட்டத்துக்குள் இருக்கட்டும். 230 அல்லது 240 மில்லி மீட்டர் வையுங்கள்.

அசைவு வேறு வகை. தலை தளத்துக்குள்ளேயே சுழன்றாலோ நகர்ந்தாலோ புரொப்பெல்லர் பிடித்துவிடும். தலையாட்டி "ஆமாம்" சொல்வதுபோல முன்னும் பின்னும் சாய்ந்தால், அக்ஸியல் ஸ்லைஸில் மூளையின் வேறொரு பகுதியே வந்து உட்கார்ந்துவிடும். கணக்கால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நோயாளியைச் சற்று நேரம் கண்ணாடி வழியே கவனியுங்கள். தலையாட்டுகிறவர் என்றால் சாஜிட்டல் (தலையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்) தளத்தில் புரொப்பெல்லர் எடுத்துப் பாருங்கள். அந்தத் தளத்துக்குள் அதே ஆட்டம் வெறும் சுழற்சியாகிவிடும்.

குறி: நிழல் எதுவும் இல்லை, ஆனால் படம் மங்கல்

காற்று சுத்தமாக இருக்கிறது, மூளையின் சாம்பல்-வெள்ளை எல்லை மட்டும் கலங்கலாக. இரண்டு சாத்தியம். தூக்கத்தில் தலை மெதுவாகச் சரிவது ஒன்று. முதல் லோக்கலைசரையும் (தலையின் இருப்பிடம் பார்க்க எடுக்கும் சில நொடி ஸ்கேன்) கடைசியில் ஒரு லோக்கலைசரையும் எடுத்து ஒப்பிட்டால் நகர்வு தெரிந்துவிடும். மற்றொன்று, வேகத்துக்காக எக்கோ டிரெயினை அளவுக்கு மீறி நீட்டியது. 16ஐ 32 ஆக்கினால் நேரம் பாதியாகும், ஆனால் கடைசி எக்கோக்கள் வரும்போது சிக்னல் தேய்ந்திருக்கும். அது ஃபேஸ் திசையில் மங்கலாக வெளிப்படும். பேண்ட்விட்த்தை (வரியை வாசிக்கும் வேகம்) கூட்டி எக்கோக்களின் இடைவெளியைச் சுருக்குங்கள். எக்கோவை உண்டாக்கும் ரீஃபோகஸிங் பல்ஸ்கள் நெருங்குவதால் எஸ்.ஏ.ஆர். (உடல் ஏற்கும் ரேடியோ ஆற்றல்) எல்லை இடித்தால், அந்தப் பல்ஸின் கோணத்தை 180 டிகிரியிலிருந்து 150 ஆக இறக்கினால் ஓடும்.

குறி: சிறுமூளைக்குக் குறுக்கே வரிசையாகப் புள்ளிகள், அல்லது கண்ணின் நகல் மூளை மேல்

இடைவெளி ஒரே சீராக இருந்தால் அசைந்தது தலை இல்லை, நாடித் துடிப்போடு ஓடும் ரத்தம். டிரான்ஸ்வர்ஸ், சிக்மாய்ட் சைனஸ்களின் (தலைக்குள் உள்ள பெரிய சிரைகள்) நிழல், ஃபேஸ் இடம்-வலமாக இருக்கும்போது நேராகச் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் குறுக்கே விழும். கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு எடுக்கும் டி1இல் (நீர் கறுப்பாகத் தெரியும் படம்) இது ஆபத்து. பரவிய புற்றுக்கட்டி ஒளிர்வதுபோலவே ஒரு பிரகாசப் புள்ளி தெரியும்.

அந்த ஒரு சீக்வென்ஸுக்கு மட்டும் ஃபேஸை முன்-பின்னாகத் திருப்பி, எஃப்.ஓ.வி.யை முழுதாக்கி மறுபடி எடுங்கள். புள்ளி இடம் மாறினால் நிழல். அங்கேயே நின்றால் புண். ஓட்டத்தால் வரும் நிழலைக் குறைக்கும் ஃப்ளோ காம்பென்சேஷன் வசதி இருந்தால் போடுங்கள். கழுத்துப் பக்கம் வைக்கும் சாச்சுரேஷன் பட்டை (அங்குள்ள சிக்னலை முன்பே அணைப்பது), கீழிருந்து ஏறும் தமனி ரத்தத்துக்குத்தான் உதவும். மேலிருந்து இறங்கும் சிரை ரத்தத்தை அது தொடாது.

ஃபேஸ் முன்-பின் என்றால் கண் உருளும் நிழல் மூளை மேல் விழும் என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் கொஞ்சம் குறையும். மூடிய இமைக்குள் ஒரே திசையில் பார்ப்பதுபோல வைத்திருக்கச் சொன்னால் இன்னும் குறையும்.

குறி: வேகப்படுத்தியதும் படத்தின் நடுவில் இரைச்சல், அல்லது மூளைக்குள் காது

பேரலல் இமேஜிங் காரணியை ஏற்றும்போது, காயில் உறுப்புகளிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மூளையின் நடுப்பகுதியில்தான் இரைச்சல் முதலில் பெருகும். தலாமஸ் பக்கம் மணல் தூவினாற்போல இருந்தால் காரணியை 3இலிருந்து 2க்கு இறக்குங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

மூளையின் நடுவே காது அல்லது தலைத்தோலின் வளைகோடு தெரிந்தால் இரண்டில் ஒன்று. எஃப்.ஓ.வி. தலையைவிடச் சிறிதாக இருக்கிறது: பேரலல் இல்லாதபோது ஓரத்தில் மடிந்திருக்கும் காது, சென்ஸ் என்ற பேரலல் வகைக் கணக்கில் நடுவே வந்து உட்காரும். இல்லையென்றால், அளவீட்டு ஸ்கேன் எடுத்த பிறகு தலை நகர்ந்துவிட்டது. அளவீட்டைத் தனி ஸ்கேனாக எடுக்கும் முறைகளில் இது அடிக்கடி நிகழும். மெஷின் பழைய தலை இருந்த இடத்தின் காயில் வரைபடத்தை வைத்துப் புதிய தலையைப் பிரிக்கப் பார்க்கிறது. அளவீட்டு ஸ்கேனை மறுபடி எடுங்கள், சில நொடிதான். நோயாளியை வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டால் இது கட்டாயம். கிராப்பா என்ற மற்றொரு பேரலல் வகையில் அளவீட்டு வரிகள் அந்தந்த சீக்வென்ஸுக்குள்ளேயே எடுக்கப்பட்டால் இந்தத் தொல்லை குறைவு. அசையும் நோயாளிக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

குறி: ஃப்ளேரில் மூளைநீர் வெளுப்பாக

இங்கே அவசரப்பட்டால் நோயைத் தவறாகப் படித்துவிடுவார்கள். மூளை மடிப்புகளின் இடுக்குகளில் வெளுப்பு என்றால் ரத்தக் கசிவு அல்லது மூளைக்காய்ச்சல் என்ற எண்ணம் ரேடியாலஜிஸ்ட்டுக்கு வரும்; அது தொழில்நுட்பக் குறையா என்று சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு.

நேரத்தைக் குறைக்க டி.ஆர்.ஐ வெட்டினீர்களா என்று முதலில் பாருங்கள். டி.ஆர். 9000 மில்லி நொடி என்றால் மூளைநீரை அணைக்க டி.ஐ. (தொடக்கத்தில் அடிக்கும் இன்வெர்ஷன் பல்ஸுக்குப் பிறகு காத்திருக்கும் நேரம்) ஏறத்தாழ 2500, டி.ஆர்.ஐ 7000 ஆக்கினால் டி.ஐ.யும் ஏறத்தாழ 2200க்கு இறங்க வேண்டும். டி.ஆர்.ஐ மட்டும் மாற்றி டி.ஐ.யை விட்டுவிட்டால் நீர் முழுக்கச் சாம்பலாகும்.

எல்லா இடத்திலும் இல்லாமல், நான்காம் வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை), மூளைத்தண்டின் முன்புறம், இந்த அறைகளை இணைக்கும் மன்ரோ துளை பக்கம் மட்டும் வெளுப்பு என்றால் அது ஓட்டம். இன்வெர்ஷன் பல்ஸ் படாத புது நீர் ஸ்லைஸுக்குள் பாய்ந்து வருகிறது. இன்வெர்ஷன் பட்டையை ஸ்லைஸைவிட அகலமாக்கி, ஸ்லைஸ்களை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். நேரம் கிடைத்தால் 3டி ஃப்ளேர் எடுங்கள், அதில் இது பெரும்பாலும் வராது.

மயக்க மருந்து கொடுத்து, முகமூடி வழியாக அதிக ஆக்ஸிஜன் ஓடும் நோயாளி என்றால் கேஸ் ஷீட்டில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அதிக அடர்த்தி ஆக்ஸிஜன் மூளைநீரின் டி1ஐ (தூண்டலுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) குறைத்து, ஃப்ளேரில் மடிப்பு இடுக்குகளை வெளுக்கச் செய்யும். மெஷினில் எந்தக் குறையும் இருக்காது, மூளையிலும் இருக்காது. ஒரு வரி எழுதாமல் விட்டதால், ஒரு குழந்தைக்குத் தேவையில்லாமல் முதுகுத்தண்டு நீர் எடுக்கும் நிலை வந்துவிடக் கூடாது. பற்களில் கம்பி போட்டிருந்தாலும் முன்மூளைப் பகுதியில் இதே வெளுப்பு வரும்.

குறி: டிஃப்யூஷனில் சில ஸ்லைஸ் மட்டும் கறுத்துப்போதல், நெற்றிப் பக்கம் நெளிதல்

டிஃப்யூஷன் என்பது திசுவில் நீர் பரவுவதைக் காட்டும் ஸ்கேன். எக்கோ பிளேனார் டிஃப்யூஷனில் ஒரு ஸ்லைஸ் முழுவதும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் எடுக்கப்படுவதால் வழக்கமான அலை நிழல் வராது. ஆனால் டிஃப்யூஷன் கிரேடியன்ட் ஓடும் அந்தக் கணத்தில் தலை அசைந்தால் அந்த ஸ்லைஸின் சிக்னலே அழிந்துவிடும். திசைகளைச் சேர்த்துவைத்த பி1000 படத்தை (டிஃப்யூஷன் வலிமை 1000) மட்டும் பார்க்காமல், மூன்று திசைகளின் தனிப் படங்களையும் திறந்து பாருங்கள். கறுத்தது எந்தத் திசை என்று தெரியும். முழுவதும் மறுபடி எடுக்க ஒரு நிமிடம் போதும், எடுத்துவிடுங்கள். திசைகளுக்கு நடுவே தலை நகர்ந்திருந்தால் நீர் பரவும் அளவைக் காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் மூளை ஓரமாகப் பொய்யான கோடு வரும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டு ஏ.டி.சி.யை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

நெற்றிச் சைனஸுக்குப் பின்னாலும் காது எலும்பின் அருகிலும் நெளிவது அசைவினால் இல்லை. காற்றும் எலும்பும் மூளையும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் ஒழுங்கு தவறுவதால். பேரலல் 2 போட்டால் நெளிவு பாதியாகும். ஃபேஸ் முன்-பின்னாகவே இருக்கட்டும். இடம்-வலமாக்கினால் மூளை ஒரு பக்கமாகக் கோணி, இரு பக்கத்தையும் ஒப்பிட முடியாமல் போகும்.

குறி: 3டி டி1இல் வெங்காயத் தோல்போல வளையங்கள்

எம்.பி.ரேஜ் போன்ற 3டி ஸ்கேனில் முழு மூளையும் ஒரே தரவு. டி.ஆர். 2300 மில்லி நொடி, 256 வரி, பேரலல் 2 என்றால் ஏறத்தாழ 5 நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு இருமல் 176 ஸ்லைஸையும் சேர்த்துக் கெடுக்கும். 2டியில் அதே இருமல் அப்போது ஓடிய குறுகிய சீக்வென்ஸோடு போயிருக்கும்.

3டியில் இரண்டு ஃபேஸ் திசை இருப்பதால் இரண்டிலும் வேகப்படுத்தலாம். 2 × 2 போட்டு, மாதிரிப் புள்ளிகளைக் கைப்பிரின்யா முறையில் மாற்றி அடுக்கினால், இரைச்சல் அதிகம் ஏறாமல் நேரம் பாதியாகும். குறைவான தரவிலிருந்து படத்தைக் கட்டும் கம்ப்ரஸ்ட் சென்சிங் உரிமம் இருந்தால் அதுவும் கை கொடுக்கும். காரணியைப் பேராசையோடு ஏற்றினால் வெள்ளைப் பகுதி மெழுகு பூசியதுபோல வழவழக்கும், சிறு புண்கள் கரைந்துவிடும். ஸ்கேன் நடக்கும்போதே தலையின் இருப்பிடத்தைப் பின்தொடரும் முறைகளும் இருக்கின்றன: 2010இல் வந்த புரோமோ, 2012இல் வந்த வி-நேவ். இரண்டும் சீக்வென்ஸின் வெற்று நேரத்தில் சின்ன நேவிகேட்டர் படம் எடுத்து, தலை நகர்ந்த இடத்துக்கு ஸ்கேன் தளத்தையும் நகர்த்துகின்றன. மோசமாக அசைந்த பகுதியைத் திரும்ப எடுக்கவும் செய்கின்றன. உங்கள் மெஷினில் இப்படி ஏதாவது இருந்தால், வலிப்பு நோய் ஆய்வு போல 3டி இல்லாமல் முடியாத இடங்களுக்கு ஒதுக்குங்கள். மற்றவர்களுக்கு 2டி டி1 போதும்.

குறி: டீப் லேர்னிங் படம் அழகாக இருக்கிறது, ஆனால் சந்தேகம்

புதிய மெஷின்களில் வரும் டீப் லேர்னிங் மறுஆக்கம் (செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கட்டுவது) இரைச்சலை நன்றாக நீக்கும். நெக்ஸைக் குறைத்து, பேரலலை ஏற்றி, ஸ்கேனைப் பாதி நேரத்தில் முடிக்க அது உண்மையாகவே உதவுகிறது. அசைவை அது தானாகக் குணப்படுத்தாது. அசைந்த தரவைக் கொடுத்தால், அசைவு நிழலையே கூர்மையாக்கி உடற்கூறுபோலக் காட்டவும் கூடும். ஆகவே வழக்கமான மறுஆக்கத்தையும் சேர்த்துச் சேமிக்கும்படி புரோட்டோகாலை அமையுங்கள். ஒரு கோடு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால், ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிடைக்கும் நேர மிச்சத்தை இன்னும் மெல்லிய ஸ்லைஸுக்குச் செலவிடாமல், ஸ்கேனைச் சுருக்கவே பயன்படுத்துங்கள்.

குறி: எதையுமே முடிக்க முடியவில்லை

குழப்பத்தில் இருக்கும் முதியவர், பக்கவாதம் வந்து புரியாமல் எழப்பார்ப்பவர், சிறு குழந்தை. இவர்களுக்கு வரிசைதான் முக்கியம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட வேண்டும். பக்கவாதச் சந்தேகம் என்றால் லோக்கலைசருக்கு அடுத்து டிஃப்யூஷன், பிறகு ரத்தக் கசிவுக்கு எக்கோ பிளேனார் டி2 ஸ்டார், பிறகு வேகமான ஃப்ளேர். டி1ஐ முதலில் எடுக்கும் பழக்கம் இவர்களிடம் வேண்டாம்.

எதற்கும் கட்டுப்படாதவருக்கு ஒற்றை ஷாட் டி2: சீமென்ஸில் ஹேஸ்ட், ஜி.இ.யில் சிங்கிள் ஷாட் ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ. ஒரு ஸ்லைஸ் ஒரு நொடிக்குள் முடிவதால் அசைவு அந்த ஸ்லைஸோடு நின்றுவிடும். முழு மூளையும் ஒரு நிமிடத்துக்குள். கலங்கலாகத்தான் இருக்கும், சிறு புண்கள் தெரியாது. ஆனால் தலையில் ஷன்ட் (மூளைநீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தையின் வென்ட்ரிக்கிள் பெருத்திருக்கிறதா என்று பார்க்க இது போதும். மயக்க மருந்தும் வேண்டாம், சி.டி.யின் கதிர்வீச்சும் வேண்டாம். ஒன்று கவனிக்க: நிரல்படுத்தக்கூடிய ஷன்ட் வால்வுகளில் சிலவற்றின் அழுத்த அமைப்பைக் காந்தப்புலம் மாற்றிவிடும், எனவே ஸ்கேனுக்குப் பிறகு அமைப்பைச் சரிபார்க்க நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சுமார் மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு, பல இடங்களில் மயக்க மருந்தே தேவைப்படுவதில்லை. ஸ்கேன் நேரத்துக்குச் சற்று முன்புவரை பசியோடு வைத்திருந்து, வந்தவுடன் தாய்ப்பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதுக்குப் பஞ்சும் பேடும் வைத்துத் தூங்கவிடுங்கள். சத்தம் குறைவான சீக்வென்ஸில் தொடங்குங்கள். சட்டென்று பெரிய சத்தத்தோடு ஆரம்பிக்கும் டிஃப்யூஷனை இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் கடைசிக்குத் தள்ளலாம்.

பார்க்கின்சன் நோயாளி என்றால் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே, "மாத்திரையை விடாம போட்டுட்டு வாங்க ஐயா" என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்று நினைத்துக் காலை மருந்தைத் தவிர்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுள்ள நேரத்தில் அவருக்கு இடம் ஒதுக்குங்கள்.